பழைய மோட்டார் வண்டியின் யந்திரம் நடுங்கி ஓடுதல்: காரணம் காணும் முறை

பட்டு நெசவையும் திருக்கோயில்களையும் கொண்டு பிழைக்கும் காஞ்சிபுரத்துச் சுற்றுவட்டாரத்தில், பழைய மோட்டார் வண்டி ஒன்றைக் கைவிடாமல் பேணிவரும் குடும்பங்கள் இன்றும் உள. வேகவதி ஆற்றங்கரையிலுள்ள திருப்பருத்திக்குன்றம் போன்ற ஊர்களில், நெய்து முடிந்த சேலைகளைச் சங்கத்தில் ஒப்படைக்கவும், பட்டும் ஜரிகையும் வாங்கிவரவும், அவசரத்தில் நோயாளியை நகரத்து ஆஸ்பத்திரியிற் சேர்க்கவும், ஜினகாஞ்சிக் கோயிலின் மண்டப ஓவியங்களைக் காண வருவோரை ஏற்றிச் செல்லவும் அவ்வண்டி உதவும். அது பெரும்பாலும் வங்காளத்து உத்தர்பாராவில் 1958ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை செய்யப்பெற்ற அம்பாசடராக இருக்கும். அல்லது பம்பாய்க் குர்லாவிலிருந்து வந்த பிரீமியர் பத்மினியாக இருக்கும். அருமையாக எங்கேனும் ஓரிடத்தில், வண்டலூருக்கு அருகே ஒருகாலத்தில் செய்யப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டும் காணக்கூடும்.

இவ்வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது கார்புரேட்டர் என்னும் கருவி. காஞ்சிபுரத்திலிருந்து சென்னை செல்லும் வழியில், இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு தொடங்கிச் செய்யப்பட்டுவரும் புதுவகை வண்டிகளில் அது இல்லை. மின்சாரக் கட்டுப்பாட்டுடன் பெட்ரோலைப் பீச்சும் ஏற்பாடே அவற்றில் உண்டு. புதிய வண்டிகளில் பழகிய இளம் தொழிலாளி, குற்றம் இன்னதென்று சொல்லும் கருவியை வண்டியிற் செருகிப் பார்த்தே வேலையைத் தொடங்குகிறார். பழைய வண்டியிலோ அக்கருவியைச் செருக இடமில்லை. கண்ணும் காதும் விரல்நுனியுமே அங்குக் கருவிகள். அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த முதிய மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் குறைந்து வருவதால், வண்டி வைத்திருப்போர் தாமே சிறிது அறிந்துகொள்ளுதல் அவசியமாகின்றது.

யந்திரம் சீராக ஒலிக்காமல் நடுங்குவதையும், இடையிடையே ஓர் அடி தவறுவதையும் பட்டறைகளில் 'மிஸ்ஸிங்' என்பர். இக்குறை தோன்றியவுடன் பலரும் செய்வது கார்புரேட்டரின் திருகைப் பிடித்துத் திருப்புவதே. அது வெளியே தெரியும்படி இருக்கிறது. திருகாணி கைக்கு எட்டுகிறது. திருப்பினால் ஒலியும் மாறுகிறது. ஒலி மாறியதைக் கொண்டே குற்றம் அங்கிருப்பதாக முடிவு செய்துவிடுகின்றனர். இது பெருந்தவறு. வேறோர் உறுப்பிலுள்ள பழுதைக் கார்புரேட்டர்த் திருகால் மூடிவைக்க முடியும். சில நாள் கழித்து அப்பழுது முன்னிலும் பெரிதாக வெளிப்படும். நெய்கின்ற சேலையில் நெடுக ஒரு கோடு விழுந்தால், நல்ல நெசவாளர் பட்டு நூலை உடனே பழிப்பதில்லை. அச்சின் பல் வளைந்திருக்கிறதா, விழுது அறுந்திருக்கிறதா என்று முதலிற் பார்க்கிறார். மோட்டார் யந்திரத்திலும் அம்முறையே பொருந்தும். முதலில் மின்பொறி, அடுத்து வால்வும் அழுத்தமும், பின்பு காற்றுக் கசிவு, அதன்பின் பெட்ரோல், கார்புரேட்டர் எல்லாவற்றுக்கும் கடைசி. இவ்வரிசையை மாற்றுவதனால் ஏற்படும் வீண் செலவே பழைய வண்டிகளைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புகின்றது.

எச்சரிக்கை

சோதனைக்கு முன் கைப்பிரேக்கை இழுத்து, கியரை நடுநிலையில் வைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்கவேண்டும். மேல்துண்டைக் கழற்றி வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளவேண்டும். சுழலும் விசிறியும் பெல்ட்டும் துணி நுனியைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். பெட்ரோல் திறந்திருக்கும் இடத்தில் பீடி, விளக்கு, மின்பொறி ஆகியவை ஆகா. மூடிய கொட்டகைக்குள் யந்திரத்தை ஓடவிடுதல் எவ்வகையிலும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. தலைவலியும் மயக்கமும் வரும்போது எழுந்து வெளியே போகும் வலிமையும் போய்விடும். தறிக்குழி உள்ள கூடத்தை ஒட்டியே கொட்டகை அமைந்துள்ள வீடுகளில் இவ்விஷயம் இருமடங்கு கவனத்திற்குரியது.

எப்பொழுது நடுங்குகிறது?

ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் சில கேள்விகளுக்கு விடை காணவேண்டும். காலையில் குளிர்ந்திருக்கும்போது மட்டும் நடுங்குகிறதா, சூடேறிய பின்பா? நிறுத்தி மெதுவாக ஓடவிடும்போதா, பாலத்தின் மீது ஏறும்போதா? அடி தவறுவது நாடித் துடிப்பைப்போல் ஒழுங்காக வருகிறதா, ஒழுங்கின்றி இங்கும் அங்குமாகவா? தவறுதல் ஒழுங்காக இருப்பின் ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் வேலை செய்யவில்லை எனப் பெரும்பாலும் கொள்ளலாம். ஒழுங்கின்றி இருப்பின், எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான காயில், பாயிண்ட், பெட்ரோல் வரவு இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கவேண்டும்.

புகைக்குழாயின் வாயருகே ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். நல்ல யந்திரம் காகிதத்தை இடையறாது வெளியே தள்ளும். இடையிடையே காகிதம் உள்நோக்கி இழுக்கப்பட்டுக் குழாயின் வாயில் ஒட்டுமாயின், வெளிவால்வு ஒன்று கருகிச் சரியாக மூடவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம். காசில்லாத சோதனையாயினும், கார்புரேட்டருக்குச் செலவழிக்க இருந்த பணத்தை அது சில சமயம் காப்பாற்றிவிடும்.

அடுத்துச் செய்யவேண்டியது, எந்தச் சிலிண்டர் சோம்பியிருக்கிறது எனக் காண்பது. யந்திரம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில், ரப்பர்ப் பிடியுள்ள குறடினால் ஒவ்வொரு பிளக்கின் கம்பியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி, அதன் முனையை உடனே யந்திரத்தின் இரும்பில் படும்படி வைத்துப் பார்க்கவேண்டும். கம்பியை அந்தரத்தில் தொங்கவிட்டால் காயில் கெடும். கையால் தொட்டால் கடும் அதிர்ச்சி தாக்கும். நல்ல சிலிண்டரின் கம்பியைக் கழற்றினால் ஓட்டம் தாழ்ந்து நடுக்கம் மிகும். எந்தக் கம்பியைக் கழற்றியும் மாறுதல் தெரியவில்லையோ, அந்தச் சிலிண்டரிலேதான் குறை.

மின்பொறி

நான்கு சிலிண்டர் யந்திரம் நிமிஷத்துக்கு 800 சுற்று என்னும் மெதுவான ஓட்டத்தில் இருக்கும்போதே 1,600 பொறிகள் வேண்டியிருக்கின்றன. 3,000 சுற்றில் 6,000 பொறிகள், அதாவது வினாடிக்கு 100. இவ்வளவையும் ஒரு காயிலும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் ஒரு ஜோடிச் சிறு பாயிண்டுகளுமே கொடுக்கின்றன. ஆகவே முதற் சந்தேகம் இங்கே விழுவது நியாயமே.

பிளக்குகளைக் கழற்றி வரிசை மாறாமல் ஒரு பலகையில் வைத்து நிறத்தைப் பார்க்கவேண்டும். இளம் பழுப்பு நிறம் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது பொறிக் குறைவு. எண்ணெய்ப் பிசுக்குடன் கறுத்திருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு வழியோ தேய்ந்து, எண்ணெய் உள்ளே இறங்குகிறது. வெள்ளை வெளேரென்று இருந்தால் காற்று மிகுதி. நான்கும் ஒரே நிறமாயின் காரணம் பொது; ஒன்றோ இரண்டோ மட்டும் வேறுபட்டால் காரணமும் அங்கேயே உள்ளது. நான்கையும் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு நிறத்தை யோசிப்பவர் சாட்சியத்தை அழித்தவராகிறார்.

சோம்பிய சிலிண்டரின் பிளக்கை நல்ல சிலிண்டரிலும், நல்லதன் பிளக்கைச் சோம்பியதிலும் மாற்றிப்போட்டு ஓட்டினால், குறை பிளக்கோடு இடம் மாறுகிறதா என்பது தெரியும். மாறினால் பிளக்கே குற்றவாளி. மாறாவிடில் அதே முறையில் கம்பியைச் சோதிக்கலாம். ஐப்பசி மழையில் காலைதோறும் வண்டி நடுங்கினால், பொழுது விடியுமுன் இருட்டில் பானட்டைத் திறந்து யந்திரத்தை ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். மேலுறை வெடித்த கம்பியிலிருந்தும், கீறல் விழுந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்தும் நீலப் பொறிகள் தாவுவது கண்ணுக்கே தெரியும்.

அம்பாசடரின் 1,489 கன சென்டிமீட்டர் யந்திரத்தில் பாயிண்டின் இடைவெளி சுமார் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பிளக்கின் இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் என்னும் தகடுகளால் இவற்றை அளக்கவேண்டும். பிளேடைச் செருகியோ அட்டையைச் செருகியோ அளப்பது அளவாகாது. பாயிண்டின் இடைவெளி மாறினால் பொறி விழும் நேரமும் மாறிவிடும். எனவே முதலில் பாயிண்டைச் சரிசெய்து, அதன்பிறகே டைமிங் பார்க்கவேண்டும். தலைகீழாகச் செய்தால் இரண்டு வேலையும் வீண். பாயிண்டின் முகம் கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் கண்டென்ஸரையும் மாற்றவேண்டும். இந்தச் சிறு டப்பாவின் விலை சொற்பம். ஆயினும் குளிர்ந்தபோது நன்றாக வேலை செய்து, சூடேறிய பின் கைவிடும் குணம் இதற்கு உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருப்பின் புஷ் தேய்ந்தது எனக் கொள்க. அந்நிலையில் பாயிண்டை எத்தனை முறை சரிசெய்தாலும் அளவு நிற்காது.

ஒரு காரியம் மறக்கத்தக்கதன்று. பிளக் கம்பிகளைக் கழற்றி மாட்டும்போது வரிசை குழம்பி, அதனாலேயே வண்டி நடுங்குவதும் உண்டு. இந்த யந்திரத்தில் பொறி விழும் வரிசை 1, 3, 4, 2. ரேடியேட்டரை ஒட்டிய சிலிண்டர் முதலாவது.

வால்வும் அழுத்தமும்

பொறி நன்றாக இருந்தும் ஒரு சிலிண்டர் சோம்பியே இருந்தால் அழுத்தத்தைச் சோதிக்கவேண்டும். யந்திரத்தைச் சூடாக்கி நிறுத்தி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயிலின் கம்பியைப் பிரித்து, ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்தபடி ஸெல்ஃபை ஐந்தாறு சுற்றுச் சுற்றவேண்டும். அழுத்தமானி காட்டும் எண் நான்கு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேற்றுமை ஆகாது. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி யந்திர எண்ணெய் விட்டு மீண்டும் சோதித்தால், எண் உயருமாயின் பிஸ்டன் வளையம் தேய்ந்தது, உயராவிடின் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்தால், இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கட் எரிந்திருக்கலாம்.

பழைய வண்டிகளில் வால்வுக்கு நேரும் சேதத்தில் ஒரு பங்கு பெட்ரோல் மாறியதால் வந்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்படுகிறது. ஈயம் உடலுக்கு நஞ்சாதலால் அது நீங்கியது மிக நல்லதே. ஆயினும் அக்காலத்து யந்திரங்களில் வால்வு அமரும் இருக்கை வார்ப்பிரும்பிலேயே செதுக்கப்பட்டது. ஈயத்தின் படிவு அங்கே மெத்தைபோல் நின்று தேய்மானத்தைத் தடுத்து வந்தது. அது இல்லாதபோது வெளிவால்வு சிறிது சிறிதாக இருக்கைக்குள் அமிழ்கிறது. அமிழ அமிழ டேப்பட் இடைவெளி சுருங்குகிறது. முடிவில் வால்வு முழுதும் மூடாமல் தீயில் வெந்து கருகுகிறது. டேப்பட் சத்தம் போட்டால்தான் பழுது என்று எண்ணுவோர் பலர். சத்தம் போடும் டேப்பட் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நாளுக்கு நாள் சத்தம் அடங்கிவரும் டேப்பட்டே வால்வைக் கெடுக்கும். அம்பாசடருக்குரிய இடைவெளி சுமார் 0.38 மில்லிமீட்டர், வண்டியோடு வந்த கைப்புத்தகத்தில் வேறு அளவு கண்டிருந்தால் அதுவே பிரமாணம். ஹெட்டை இறக்கி வேலை செய்ய நேரும்போது, கடினமாக்கிய எஃகு இருக்கைகளைப் பொருத்திவிட்டால் இத்தொல்லை தீரும்.

காற்றுக் கசிவு

மிகுதியும் ஏமாற்றுவது இக்குறையே. ஆதலின் இதை ஓர் உதாரணத்தால் விளக்குதல் நலம். திருப்பருத்திக்குன்றத்தில் ஓர் அம்பாசடர் இருப்பதாகக் கொள்வோம். கல்யாண மாதம் நெருங்குகிறது; சேலைகளைக் குறித்த நாளில் சேர்க்கவேண்டும். வண்டியோ நின்ற இடத்தில் குலுங்குகிறது; ஆனால் சாலையில் வேகம் பிடித்தபின் ஒழுங்காகவே ஓடுகிறது; செவிலிமேட்டுப் பாலாற்றுப் பாலத்தின் மீதும் தடுமாறவில்லை. ஒருவர் கார்புரேட்டரைத் திருப்பிப் பெட்ரோலை அதிகப்படுத்துகிறார். நடுக்கம் சற்றுக் குறைகிறது. இரண்டு வாரம் கழித்து முன்போலவே குலுங்குகிறது. பெட்ரோல் செலவும் ஏறுகிறது. புகைச் சோதனையிலும் வண்டி தோற்கிறது. புதுக் கார்புரேட்டர் வாங்கவேண்டும் என்று யோசனை சொல்லப்படுகிறது.

இனி முறைப்படி பார்ப்போம். கம்பியைக் கழற்றிச் சோதித்ததில் முதலாம், இரண்டாம் சிலிண்டர்கள் இரண்டும் சோம்பியிருப்பது தெரிகிறது. அவ்விரண்டின் பிளக்குகளும் வெள்ளை. மூன்று, நான்கின் பிளக்குகள் கரி. பிளக்குகளை இடம் மாற்றியும் குறை இடம் மாறவில்லை. அழுத்தம் நான்கிலும் ஒன்றாக இருக்கிறது. ஆகவே ஹெட் கேஸ்கட் எரியவில்லை. ஒரே கார்புரேட்டர் முன் இரண்டுக்குப் பெட்ரோல் குறைவாகவும், பின் இரண்டுக்கு அதிகமாகவும் எவ்வாறு கொடுக்கும்? கொடுக்காது. இந்த யந்திரத்தின் அமைப்பை அறிந்தவருக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும். நான்கு சிலிண்டருக்கும் உள்வாய் இரண்டே உண்டு. முன்வாய் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் பொது. பின்வாய் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் பொது. ஆகவே முன்வாயில் மேனிஃபோல்டு சேரும் இடத்தில் எங்கோ காற்று புகுகிறது. பட்டறைப் பேச்சில் சொன்னால், வண்டி 'ஏர் எடுக்கிறது'. புகும் காற்று முன் இரண்டின் கலவையை நீர்த்துப்போகச் செய்கிறது. அதை ஈடுசெய்யத் திருகைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டியதால் பின் இரண்டும் கரி பிடித்தன. வேகமாக ஓடும்போது யந்திரம் இழுக்கும் காற்றின் மொத்த அளவு பெரிது. மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சும் வேகமும் குறைவு. ஆகவே சிறு கசிவு அங்கே தெரிவதில்லை. மெதுவோட்டத்தில்தான் அது பூதாகாரமாகிறது.

இதை உறுதி செய்ய எண்ணெய்க் குப்பி ஒன்று போதும். யந்திரம் மெதுவாக ஓடும்போது, மேனிஃபோல்டின் சேர்க்கைகளிலும், கார்புரேட்டரின் அடிக் கேஸ்கட்டிலும், திராட்டில் தண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு துளி கனத்த எண்ணெயை விட்டுப் பார்க்கவேண்டும். கசியும் இடத்தில் எண்ணெய் சிறிது நேரம் அடைப்பதால் ஒலி சட்டென்று மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலையோ கார்புரேட்டர் கழுவும் தெளிப்பானையோ பயன்படுத்துகின்றனர். இவ்வண்டியில் புகை செல்லும் சூடான மேனிஃபோல்டு அருகிலேயே இருப்பதால் அது தீயை அழைப்பதாகும், செய்யலாகாது. எண்ணெயும் அந்தச் சூட்டில் புகையுமாதலால் துளிக்கு மேல் வேண்டா.

உதாரண வண்டியில் மேனிஃபோல்டின் முன் நட்டு தளர்ந்திருக்கலாம்; அல்லது கேஸ்கட் உளுத்திருக்கலாம். நட்டை அளவாக இறுக்குவதும், தேவையாயின் கேஸ்கட்டை மாற்றுவதும் ஒரு முற்பகல் வேலை. அதன்பின் முன்னர்த் திருப்பிய கார்புரேட்டர்த் திருகை மறவாமல் பழைய நிலைக்குக் கொண்டுவரவேண்டும். இல்லையேல் இப்போது நான்கு பிளக்குகளும் கரி பிடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் மெல்லிய உறிஞ்சு குழாய், பிரேக் பூஸ்டர் உள்ள வண்டிகளில் அதன் ரப்பர்க் குழாய் ஆகியவற்றின் வெடிப்பும் இதே குறையைத் தரும். திராட்டில் தண்டு தேய்ந்து காற்றுப் புகுந்தால்தான் உண்மையிலேயே கார்புரேட்டரைக் கழற்றவேண்டிய சந்தர்ப்பம் வருகிறது.

பெட்ரோல்

இன்றைய பெட்ரோல் இவ்வண்டிகள் பிறந்த காலத்துப் பெட்ரோல் அன்று. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிக்கப்பெறும் எத்தனாலைக் கலக்கும் திட்டத்தில், நூற்றுக்கு 10 பங்கு என்னும் நிலை 2022ஆம் ஆண்டிலும், 20 பங்கு என்னும் நிலை 2025ஆம் ஆண்டிலும் எட்டப்பட்டன. இதனால் பழைய வண்டிக்கு மூன்று விளைவுகள் உண்டு. தூய பெட்ரோல் ஒரு கிலோ முழுதும் எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். 20 பங்கு கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 13.5 கிலோ. பழைய ஜெட் அளவு பழைய பெட்ரோலுக்கு ஏற்ப வைக்கப்பட்டதால், இப்போது கலவையில் பெட்ரோல் நூற்றுக்கு 8 பங்கு குறைந்ததுபோல் ஆகிறது. ஏற்கெனவே சிறிது காற்று எடுக்கும் யந்திரம் இதனால் வெளிப்படையாக நடுங்கத் தொடங்கும்.

இரண்டாவது, பழைய ரப்பர்க் குழாய்களும், பம்பின் டயாஃப்ரமும், தக்கையாலான கேஸ்கட்டுகளும் எத்தனாலால் உப்பி, மெலிந்து, வெடிக்கின்றன. பெட்ரோல் குழாயை விரலால் வளைத்துப் பார்த்து, வெடிப்போ பிசுபிசுப்போ தென்பட்டால் எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாயை உடனே மாட்டவேண்டும். இது ஓட்டத்தின் சீருக்காக மட்டுமன்று. சூடான யந்திரத்தின் மீது பெட்ரோல் சொட்டுவதே வண்டிகள் எரிவதற்கு ஒரு காரணம். மூன்றாவது, எத்தனால் நீரை ஈர்க்கும். மாதக் கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியின் டாங்கில் நீர் சேர்ந்து, ஓர் அளவுக்கு மேல் எத்தனாலோடு கூடி அடியில் தனியே பிரிந்துவிடும். கண்ணாடிப் புட்டியில் சிறிது பெட்ரோலைப் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால், அடியில் வேறொரு படலம் தெரிகிறதா எனக் காணலாம். டாங்கில் நெடுநாள் படிந்த கசடையும் எத்தனால் கரைத்துக் கிளப்புவதால், ஃபில்டரை முதல் சில மாதங்களில் இரண்டு மூன்று முறை மாற்ற நேரும்.

அக்கினி நட்சத்திர வெயிலில், சற்று நேரம் நின்று கிளம்பிய வண்டி திக்கித் திணறினால், குழாயிலும் பம்பிலும் பெட்ரோல் ஆவியாகியிருக்கலாம். இதை 'ஏர் லாக்' என்பர். யந்திரத்தின் உடம்பிலேயே பொருத்தப்பட்ட பம்பு உள்ள வண்டிகளில் இது அதிகம். பம்பின் மீது ஈரத்துணி சுற்றுவது பழைய டிரைவர்களின் கைவைத்தியம். அந்நேரத்துக்கு அது பலிக்கும். நிலையான பரிகாரம் பெட்ரோல் குழாயைப் புகைக் குழாயின் சூட்டிலிருந்து விலக்கி அமைப்பதே.

கார்புரேட்டர்

மேற்கண்ட யாவும் சரியாக இருந்தும் நடுக்கம் நீங்காவிடில் கார்புரேட்டருக்கு வரலாம். அப்போதும் முதலில் பார்க்கவேண்டியவை எளியவையே: சோக் கம்பி பாதியில் சிக்கி நிற்கிறதா, காற்று ஃபில்டர் தூசியால் அடைந்திருக்கிறதா என்பன.

பத்மினியில் உள்ள ஸோலெக்ஸ் வகையில் மெதுவோட்டத்துக்கென்று தனியே ஒரு சிறு ஜெட் உண்டு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் நன்றாக ஓடி, காலை எடுத்தவுடன் நின்றுவிடும் வண்டியில் இந்த ஜெட் அடைந்திருக்கும். அதைக் கழற்றி, பெட்ரோலில் அலசி, காற்றால் ஊதவேண்டும். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் துளையின் அளவு கெட்டு, பிறகு எத்திருகாலும் சரிவராது. ஜரிகை இழையின் பருமனை அறிந்த கைகளுக்கு இதன் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை.

அம்பாசடரில் பெரிதும் காணப்படும் எஸ்.யு. வகை வேறு விதமானது. இங்கிலாந்தில் காலணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை அமைத்தார். முதலில் இதற்குள் இருந்தது தோல் துருத்தி என்பது சுவையான செய்தி. பின்னாளில் துருத்திக்குப் பதில் உலோகப் பிஸ்டன் வந்தது. அப்பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால் தடையின்றி இறங்கி 'டக்' என்ற ஓசையுடன் அமரவேண்டும். அமராவிடில் உள்ளே அழுக்கு, அல்லது ஜெட் நடுவில் நிற்கவில்லை. மேலே உள்ள மூடியைத் திருகி எடுத்து, மெல்லிய எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். எண்ணெய் வற்றினால் ஆக்ஸிலேட்டரை மிதித்த கணத்தில் யந்திரம் விக்கும். கலவையைச் சோதிக்க, சூடேறிய யந்திரம் மெதுவாக ஓடுகையில் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்தவேண்டும். ஓட்டம் உயர்ந்து உயர்ந்தபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே தாழ்ந்து அணைந்தால் குறைவு. சிறிது உயர்ந்து பழைய நிலைக்கு வந்தால் சரி. குறைவு எனக் கண்டால் அடியிலுள்ள ஜெட் நட்டை ஒரு தடவைக்கு ஒரு பட்டை மட்டுமே இறக்கி, மீண்டும் சோதிக்கவேண்டும். 20 பங்கு எத்தனாலுக்காகச் சிறிது இறக்க நேருவது இயல்பே.

இறுதியாகப் புகைச் சோதனை நிலையத்துக்குச் சென்றால், செய்த வேலைக்கு எண்ணாலான சான்று கிடைக்கும். பாரத் ஸ்டேஜ் இரண்டுக்கு முற்பட்ட நாற்சக்கரப் பெட்ரோல் வண்டிகளுக்கு, மெதுவோட்டத்தில் கார்பன் மோனாக்ஸைடு நூற்றுக்கு 3 பங்குக்கு மேற்படலாகாது என்பது விதி. விதிக்கு உட்பட்டும் எண் அதிலிருந்து வெகுவாகத் தாழ்ந்து, வண்டி நடுங்கினால், கலவையில் காற்று மிகுதி என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இவ்வேலைகளுக்கு வேண்டிய கருவிகள் சில: ஃபீலர் கேஜ், அழுத்தமானி, டைமிங் விளக்கு, மேனிஃபோல்டின் உறிஞ்சு அளவைக் காட்டும் வாக்குவம் கேஜ். வருஷத்தில் இரண்டொரு நாளே பயன்படும் இவற்றை ஒவ்வொரு வண்டிக்காரரும் தனித்தனியே வாங்குவது வீண். ஒரு சங்கத்தின் அங்கத்தினர்கள் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கி, சங்க அலுவலகத்திலேயே வைத்து, கையொப்பம் பெற்று இரவல் கொடுக்கலாம். அதனுடன் ஒரு நோட்டுப் புத்தகமும் இருத்தல் வேண்டும். வண்டியின் எண், தேதி, நான்கு பிளக்குகளின் நிறம், நான்கு சிலிண்டரின் அழுத்தம், டேப்பட் இடைவெளி, கார்புரேட்டர்த் திருகு முன்பு நின்ற நிலை ஆகியவற்றை வேலை தொடங்குமுன் அதில் எழுதிவைத்தால், அடுத்த முறை அவ்வண்டியைத் தொடுபவர் எவராயினும் முதலிலிருந்து தேடவேண்டியிராது.